கல்லீரலில் கை வைத்தவர்கள்

எங்கள் காலத்து சர்ஜன்களுக்கு வயிற்றைத் திறக்கப் பயம் கிடையாது. குடல்வால், குடலிறக்கம், ஓட்டை விழுந்த இரைப்பை, எதுவானாலும் நடுராத்திரியில் ஆள் அனுப்பினால் வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடிபட்ட ஆளின் வலது விலாவுக்கு அடியிலிருந்து ரத்தம் பொங்கினால் மட்டும் தியேட்டரில் பேச்சு நின்றுபோகும். "சிஸ்டர், மாப் எத்தனை இருக்கு?" என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. மாப் என்பது ரத்தம் ஒற்றவும் அடைக்கவும் வயிற்றுக்குள் வைக்கிற கனத்த துணி. கல்லீரல் கேஸில் கத்திக்கு முன்னால் துணி வேண்டும்.

நான் திருத்தங்கல்காரி. அப்பாவுக்கு சிவகாசியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. மதுரையில் நர்சிங் படித்து, தென்மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரி தியேட்டர்களிலேயே சர்வீஸைக் கழித்து ஓய்வு பெற்றேன். கத்தி பிடித்தவள் இல்லை, எடுத்துக் கொடுத்தவள். பக்கத்தில் நின்று பார்த்ததையும், சீஃப்கள் சொல்லக் கேட்டதையும், பிறகு உட்கார்ந்து படித்ததையும் சேர்த்து, கல்லீரல் அறுவையின் கதையை எங்கள் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லி வைக்கலாம் என்று தோன்றியது. எங்கள் ஊர்த் தொழிலுக்கும் இந்தக் கதைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அது கடைசியில் வரும்.

சீழும் ஊசியும்

அந்தக் காலத்தில் எங்கள் வார்டில் லிவர் கேஸ் என்றால் பெரும்பாலும் சீழ்க்கட்டிதான். அழுக்குத் தண்ணீர் வழியாகக் குடலுக்குள் போன அமீபா, ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரலுக்கு ஏறிக் கட்டியாகிவிடும். காய்ச்சல், வலது தோள்பட்டை வரை வலி, இருமினால் உயிர் போகும். வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள், அதிலும் குடிக்கிறவர்கள். பனங்கள் குடிப்பவர்களுக்கு இந்தக் கட்டி அதிகம் வருகிறது என்று யாழ்ப்பாணத்து டாக்டர்கள் பிற்காலத்தில் ஆராய்ந்து எழுதினார்கள். பனை நிற்கிற சீமை எல்லாம் ஒன்றுதானே.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கட்டியைக் கத்தியால் திறந்தே சீழை எடுத்தார்கள். அப்படித் திறந்தவர்களில் பாதிக்கு மேல் செத்துப்போனார்கள். திறந்த வாய் வழியாக வேறு கிருமிகள் உள்ளே போனதுதான் காரணம். கல்கத்தாவில் இருந்த லியோனார்ட் ரோஜர்ஸ் 1912இல் எமெட்டின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டுக் காட்டினார். மருந்தைக் கொடுத்துவிட்டு, வயிற்றைத் திறக்காமல் ஊசியால் மட்டும் சீழை உறிஞ்சி எடுத்தபோது சாவு ஏழில் ஒன்றாக இறங்கியது. 1960களில் மெட்ரோனிடசோல் வந்தது. 1980களில் ஸ்கேன் வந்து, ஊசி எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே குத்த முடிந்தது. காப்பி நிறத்தில் அந்தச் சீழ் கிண்ணத்தில் இறங்குவதையும், அன்று சாயங்காலமே நோயாளி கஞ்சி கேட்பதையும் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஆக, நம் நாட்டில் கல்லீரல் வைத்தியத்தின் முதல் பெரிய முன்னேற்றம், கத்தியைக் கீழே வைக்கக் கற்றுக்கொண்டதுதான்.

ரத்தத்தோடு சண்டை

கட்டியை ஊசியால் சமாளிக்கலாம். அடிபட்டுக் கிழிந்த ஈரலையும், புற்று வந்த ஈரலையும் என்ன செய்வது?

பெரியவர்களுக்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோ எடையுள்ள இந்த ஈரல் வழியாக நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் கால் பங்கு தமனி வழியாகவும், முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் வருகிறது. வெளியே போகும் சிரைகள் பின்பக்கம் பெருஞ்சிரையோடு ஒட்டிக்கொண்டு, கைக்கு எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கும். சதை அத்தனை மென்மை. பழுத்த பப்பாளியில் தையல் போட்ட மாதிரி, நூலை இறுக்கினால் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அதற்கென்றே முனை மழுங்கிய பெரிய வளைந்த ஊசி தனியாக உண்டு. அதை ட்ரேயில் எடுத்து வைக்கும்போதே எங்களுக்கு வயிற்றைப் பிசையும்.

1888இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்பவர் ஒரு பெண்ணின் இடது ஈரலிலிருந்து ஏறக்குறைய 370 கிராம் துண்டைத் திட்டமிட்டு வெட்டி எடுத்தார். உலகிலேயே அப்படிச் செய்த முதல் ஆள் அவர்தான் என்று புத்தகங்கள் சொல்கின்றன. சில மணி நேரத்தில் ரத்தம் கசிந்து, மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

1908இல் கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் எளிய வழி ஒன்றைச் சொன்னார். ஈரலுக்குள் போகும் இரண்டு ரத்தக் குழாய்களும் பித்தக்குழாயும் ஒரே மடிப்பில் சேர்ந்து வருகின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அந்த மடிப்பைப் பிடித்து நசுக்கினால் வரத்து நின்றுவிடும். அவர் அன்று அறுத்த நோயாளிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஆனாலும் நூறு வருஷம் கழித்து இன்றைக்கும் சர்ஜன்கள் "பிரிங்கிள் போடு" என்றுதான் சொல்கிறார்கள். பதினைந்து நிமிஷம் பிடித்து, ஐந்து நிமிஷம் விட்டு, மறுபடி பிடிப்பது வழக்கம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக நேரம் சொல்வது எங்கள் வேலை.

வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்தோ சாத்தூர் ரோட்டிலிருந்தோ லாரியில் அடிபட்டு வருகிறவர்களுக்கு எங்கள் சீஃப்கள் செய்தது இதைத்தான். பிரிங்கிள் போடுவார்கள், நிற்காவிட்டால் ஈரலைச் சுற்றி மாப்பை அடைத்துக் கட்டி மதுரைக்கு அனுப்புவார்கள். நோயாளியோடு போகும் சீட்டில் மற்றதையெல்லாம் டாக்டர் எழுதுவார். உள்ளே எத்தனை மாப் இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அங்கே திறக்கிற சிஸ்டருக்கு அந்த எண்ணிக்கை சரியாக வந்தாக வேண்டும்.

வசதியில்லாத ஆஸ்பத்திரியின் கைமருத்துவம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரிய நாடுகள் கைவிட்ட இந்தத் துணியடைப்பு முறையை 1980களிலும் 90களிலும் அவர்களே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். முதலில் அடைத்து ரத்தத்தை நிறுத்து, உடம்புச் சூடும் ரத்த உறைவும் தேறட்டும், இரண்டு நாளில் மறுபடி திறந்து மற்றதைப் பார் என்பது இப்போது பாடப்புத்தகம். அதோடு, ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு வயிற்றைத் திறக்காமலே காத்திருக்கிறார்கள். ஊமைக்காயம் பட்ட ஈரல்களில் பத்தில் எட்டுக்கு மேல் இன்று கத்தியில்லாமலே ஆறுகின்றன.

எட்டு துண்டு

வெட்டுவதென்றால் எங்கே வெட்டுவது என்று தெரிய வேண்டும். வெளியே பார்த்தால் கல்லீரலுக்கு ஒரு கோடுதான் தெரியும். அதைத்தான் நடுக்கோடு என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஹாங்காங்கில் வேலை பார்த்த ஜேம்ஸ் கான்ட்லி, உண்மையான நடுக்கோடு பித்தப்பையிலிருந்து பெருஞ்சிரைக்குப் போகிறது என்று 1897இல் காட்டினார்.

அடுத்த அடியை எடுத்தவர் ஹனோயில் இருந்த டோன் தட் துங், பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் படித்த வியட்நாம்காரர். இறந்தவர்களின் ஈரல்களைக் கிழித்துக் கிழித்து உள்ளே ஓடும் குழாய்களைப் படம் வரைந்து 1939இல் வெளியிட்டார். கத்தியை விட்டுவிட்டு விரலால் ஈரலை நசுக்கினால் சதை உதிரும், குழாய்கள் மட்டும் நார் நாராக நிற்கும், அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போகலாம் என்பது அவர் வழி. தைவானின் லின் 1958இல் இதையே இன்னும் துலக்கிச் சொன்னார். 1957இல் பாரிஸைச் சேர்ந்த குயினோ, குழாய்களுக்குள் பிளாஸ்டிக்கை ஊற்றி இறுகவைத்து, சதையைக் கரைத்துப் பார்த்து, ஈரலில் எட்டு துண்டு உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வரத்தும் தனி வடிகாலும் உண்டு என்று நிறுவினார். ஒரு துண்டை எடுத்தால் பக்கத்துத் துண்டு சாகாது. இன்றைக்கு ஸ்கேன் ரிப்போர்ட்டில் "ஆறாவது செக்மென்ட்டில் கட்டி" என்று எழுதுவது இவர் போட்ட எண்தான்.

ஜப்பானில் மகூச்சி அறுவை நடக்கும்போதே ஸ்கேன் கருவியை ஈரலின் மேல் வைத்து, உள்ளே குழாய் போகும் வழியைப் பார்த்துக்கொண்டு வெட்டினார். எடுத்தபின் மிஞ்சும் ஈரல் போதாது என்றால், எடுக்கப்போகும் பக்கத்துப் போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைத்துவிட்டு, மறுபக்கம் வளரும்வரை சில வாரம் காத்திருக்கும் வழியையும் அவர் வளர்த்தெடுத்தார். நல்ல ஈரலாக இருந்தால் கால் பங்குக்குச் சற்று மேல் மிஞ்சினாலும் ஆள் பிழைப்பார். குடியாலோ கொழுப்பாலோ கெட்ட ஈரல் என்றால் நாற்பது சதவீதமாவது வேண்டும். 2012இல் ஜெர்மானியர்கள் இரண்டு வாரத்துக்குள் இரண்டு அறுவையாகப் பிரித்துச் செய்து இந்தக் காத்திருப்பைக் குறைத்தார்கள். ஆரம்பத்தில் அதில் சாவு அதிகமாக இருந்ததால், யாருக்குச் செய்யலாம் என்று இன்னும் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள்.

மயக்க மருந்து டாக்டரை யாரும் நினைப்பதில்லை. பெருஞ்சிரையில் அழுத்தம் ஏறி நின்றால் ஈரலின் பின்பக்கச் சிரைகள் வெட்டிய இடத்தில் ரத்தத்தைக் கக்கும். அதனால் வெட்டி முடியும்வரை சலைனைக் கட்டுப்படுத்தி அந்த அழுத்தத்தைத் தாழ்த்தி வைக்கிறார்கள். கல்லீரல் அறுவையில் ரத்த பாட்டில்கள் குறைந்ததற்குக் கத்தி பிடித்தவரைப் போலவே தலைமாட்டில் உட்கார்ந்திருப்பவரும் காரணம்.

மாற்றி வைப்பது

1963 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்ஸல் மூன்று வயதுப் பையனுக்கு முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். பையன் ரத்தம் நிற்காமல் மேசையிலேயே இறந்தான். 1967இல் அறுவை செய்த ஒரு குழந்தைதான் முதன்முதலில் ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. புது உறுப்பை உடம்பு தள்ளாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் 1980களில் வந்தபிறகே இது வைத்தியமாயிற்று. 1989இல் ஆஸ்திரேலியாவில் ரஸல் ஸ்ட்ராங் ஒரு ஜப்பானியத் தாயின் ஈரல் துண்டைக் குழந்தைக்கு வைத்து வெற்றி கண்டார். கொடுத்தவருக்கும் மீதி ஈரல் சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்பதுதான் இதற்கு அடிப்படை.

இந்தியாவில் இந்த வெற்றி 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் வந்தது. பித்தக்குழாய் அடைபட்டுப் பிறந்த காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு, 20 மாதத்தில், அப்பாவின் ஈரலில் ஒரு பகுதியை வைத்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து இன்று டாக்டராக இருக்கிறார்.

தமிழ்நாட்டில் இதற்கு ஆள் தயாரித்தது அரசு ஆஸ்பத்திரிகள்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் என். ரங்கபாஷ்யம் வயிறு, ஈரல் அறுவைக்கென்றே தனித் துறையை வளர்த்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த, மயிலாடுதுறைப் பக்கத்து முகமது ரேலா, லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் 1997இல் பிறந்து ஐந்து நாளே ஆன குழந்தைக்கு ஈரல் மாற்றினார். அந்த வயதில் தமனியின் குறுக்களவு இரண்டு, மூன்று மில்லிமீட்டர். உருப்பெருக்கியில் பார்த்து, முடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும்.

2008 எங்கள் மாநிலத்துக்கு முக்கியமான வருஷம். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பைப் பகிர்ந்து கொடுக்க அரசு ஆணைகள் வந்தன. செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரனின் டாக்டர் பெற்றோர், மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைத் தந்தது வீட்டுக்கு வீடு பேச்சாயிற்று. அதே வருஷம் 108 ஆம்புலன்சும் ஓடத் தொடங்கியது. அடுத்த வருஷம் ஸ்டான்லியில் அரசு செலவில் ஈரல் மாற்று அறுவை நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டில் இதற்குப் பணம் கிடைக்கிறது என்ற செய்தி எங்கள் தெருவரை வந்தது.

கடினம் குறையவில்லை. பெறுபவர் எடையில் நூற்றுக்கு 0.8 பங்காவது ஈரல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 480 கிராம். அதைவிடக் குறைந்தால் புது ஈரல் ரத்தத்தின் வேகம் தாங்காமல் வீங்கிப்போகும். தமனி அடைத்துக்கொண்டால் மறுபடி மாற்ற வேண்டும். எல்லாம் சரியாக நடந்தும் பித்தக்குழாய் ஒட்டிய இடம் கசியலாம். கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு; வலது பக்கத்தைக் கொடுப்பவர்களில் ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்கக்கூடும் என்று டாக்டர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நம் நாட்டில் உயிரோடு கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். குடித்துக் கெட்ட ஈரலுக்குப் பதிலாகப் பெண்டாட்டி ஈரல் போகிறது. இதை எந்த மேடையிலும் யாரும் பேசக் காணோம்.

மஞ்சள் பாஸ்பரஸ்

லாங்கன்புக் ஈரலை வெட்டிய அதே 1888இல் லண்டன் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அபராதமும் கெடுபிடியும் ஒரு பக்கம். வெள்ளை பாஸ்பரஸ் புகையில் தாடை எலும்பு அழுகியது மறுபக்கம். மஞ்சள் பாஸ்பரஸ் என்பதும் இதே சரக்குதான். உலக நாடுகள் ஒன்றுகூடி 1906இல் இதற்குத் தடை பேசின. இந்தியாவில் 1913இல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடைச் சட்டம் வந்தது. கல்கத்தா போய்த் தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது 1923இல். சட்டம் முந்திக்கொண்டதால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தாடை தப்பியது. எங்கள் பெட்டியின் பக்கத்தில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸ். அது ஈரலைத் தொடுவதில்லை.

தீப்பெட்டி கைவிட்ட அந்த மஞ்சள் சரக்கு, எலி பேஸ்ட் என்ற பெயரில் பெட்டிக்கடை வழியாக எங்கள் வீடுகளுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் ஈரல் ஒரேயடியாகச் செயலிழந்து வருகிறவர்களில் இது ஒரு பெரிய காரணமாயிற்று. எலிக்கு வைத்ததைத் தெரியாமல் தின்ற பிள்ளைகளும் உண்டு, ஒரு நிமிஷக் கோபத்தில் வாயில் வைத்துவிட்டு மறு நிமிஷம் பிழைக்க ஆசைப்பட்டவர்களும் உண்டு.

அதன் போக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் வாந்தியும் வயிற்றுவலியும் இருக்கும். அப்புறம் ஒன்றிரண்டு நாள் ஒன்றுமே இருக்காது, சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள். "அதான் சரியாப்போச்சே சிஸ்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களில்தான் உள்ளே ஈரல் வெந்துகொண்டிருக்கும். பிறகு கண் மஞ்சளாகும், ஈறில் ரத்தம் வரும், பேச்சு குழறும். மாற்று மருந்து கிடையாது. வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றி ஒரு வழி காட்டினார்கள். சீக்கிரம் வந்தவர்களுக்கு அது கைகொடுக்கிறது. மிஞ்சிய வழி ஈரல் மாற்று. ரத்தம் உறையாத, மூளை வீங்கிய ஆளுக்கு, ஓரிரு நாளுக்குள் உறவில் ஆள் பார்த்து, பரிசோதனை முடித்து, அனுமதி வாங்கி, இரண்டு தியேட்டரை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். நான் மேலே சொன்ன நூற்றிருபது வருஷத் தேர்ச்சியும் அந்த ஓர் இரவில் தேவைப்படும். சிவகாசியிலிருந்து நேரம் தப்பிப் புறப்பட்டால் அத்தனையும் வீண்.

மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டை நம் மாநில அரசு தடை செய்துவிட்டது. 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அங்கே நாளைக்கே ஈரல் மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மஞ்சள் காமாலைக்குக் காத்திராமல் முதல் நாளே ரத்த உறைவுச் சோதனை எடுத்து, பெரிய இடத்துக்குப் போன் போட்டு, நோயாளியை வண்டியேற்றுகிற டாக்டரும் சிஸ்டரும் இருந்தால் போதும்.

மற்றது நம் கையில் இருக்கிறது. வீட்டில் பழைய பேஸ்ட் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்; கடையில் விற்கிறார்களென்றால், அண்ணாச்சி தெரிந்தவர் என்று பார்க்காமல் புகார் சொல்லுங்கள். யார் வாயில் பட்டாலும், சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும், அன்றே 108ஐக் கூப்பிடுங்கள், டாக்டர் சொல்லும்வரை கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போகாதீர்கள். மனசு பாரமாக இருந்தால் 104க்கோ 14416க்கோ போன் செய்து பேசுங்கள். கேட்க ஆள் இருக்கிறது. உறுப்பு தானம் பற்றி வீட்டில் நல்ல நாளிலேயே பேசி முடிவு செய்து வையுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எடுக்கிற முடிவு இல்லை அது.